புயலுக்கு முன்பே எங்களைக் கூப்பிடுங்கள்

தமிழ்நாடு மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும் மாவட்ட ஆட்சியர்களுக்கும் கல்யாணச் சமையல்காரர் ஒருவரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆய்வுக் கூட்டம் போடுகிறீர்கள். எந்தத் தெரு தாழ்வானது, எந்தப் பள்ளிக்கூடத்தை முகாமாக்கலாம், படகு எத்தனை, மரம் அறுக்கும் இயந்திரம் எத்தனை, ஜேசிபி யாரிடம் இருக்கிறது, நீச்சல் தெரிந்தவர் யார், பாம்பு பிடிப்பவர் யார் என்று பட்டியல் எடுக்கிறீர்கள். முதல்நிலை மீட்பாளர்கள் என்று ஊருக்கு ஊர் ஆள் சேர்த்துப் பயிற்சியும் கொடுக்கிறீர்கள். இதெல்லாம் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, அதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்தப் பட்டியலில் இன்னொரு தொழில்காரரையும் சேருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஆயிரம் பேருக்கு மூன்று மணி நேரத்தில் சமைத்து இறக்கத் தெரிந்த சமையல் மாஸ்டர்களையும் அவர்களோடு நிற்கிற ஆட்களையும் சேருங்கள்.

நான் பாளையங்கோட்டையில் கல்யாணச் சமையல் வேலையில் இருப்பவன். 2023 டிசம்பர் 17 அன்று தொடங்கிய மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி வந்தது, நெல்லை சந்திப்புப் பேருந்து நிலையம் தண்ணீருக்குள் போனது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் எல்லாம் தீவுகளாகிவிட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. அரசாங்கம் ஹெலிகாப்டரில் பொட்டலம் போடுவதற்குள் பக்கத்து ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து பொங்கிப்போட்டார்கள். அவர்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்த நேரம் அது. அந்த மக்களை நினைத்தால் இப்போதும் கை எடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

மழை தொடங்கிய அன்று மார்கழி முதல் தேதி. கார்த்திகை முகூர்த்தங்கள் முடிந்து, அண்டா குண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். மேட்டுப் பகுதியில் இருந்த ஒரு மண்டபத்துக்காரர் கதவைத் திறந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை, நாங்களாகவே ஒன்று கூடினோம். கையில் கிடந்த மளிகையை வைத்து அடுப்பைப் பற்றவைத்தோம்.

அந்த வாரம் பார்த்ததில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். வெளியூரிலிருந்து ஒரு லாரி நிறையத் தக்காளி சாதப் பொட்டலம் வந்தது. அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள், ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் கட்டியிருப்பார்கள். ஆனால் வெங்காயம் வதக்கிப் போட்ட சாதம், சுடச்சுட பாலிதீன் தாளில் இறுக்கிக் கட்டியது, வழியெல்லாம் வெள்ளத்தில் சுற்றிக்கொண்டு பதினைந்து மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தது. ஒன்றைப் பிரித்ததுமே வாடை. விரலால் எடுத்தால் நூல் விட்டது. எங்கள் மாஸ்டர் எழுபதை நெருங்குகிறவர், அதிகம் பேச மாட்டார். வரிசையாகப் பத்துப் பொட்டலம் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, “ஒண்ணுகூட வெளியே போகக் கூடாதுடே, குழி வெட்டுங்க” என்றார். வாசலில் பசியோடு ஆட்கள் நிற்கும்போது அத்தனை சோற்றையும் மண்ணில் போட்டு மூடினோம். அதைக் கொடுத்திருந்தால் மறுநாள் முகாமில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. கழிப்பறையே மூழ்கிக் கிடக்கிற இடத்தில் அது என்ன பாடு படுத்தியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பிறகு மாஸ்டர் செய்ததுதான் தொழில். புளியைக் கரைத்து நல்லெண்ணெய் தாராளமாக விட்டுப் புளிக்காய்ச்சலை எண்ணெய் மேலே மிதக்கும்வரை சுண்டவிட்டார். சோற்றை ஒரு பதம் முன்னாலேயே வடிக்கச் சொன்னார். வடித்ததை அண்டாவிலேயே விடாமல், வெந்நீரில் அலசி உலர்த்திய புது வேட்டிகளை மண்டபத்துப் பந்தி மேசைகளில் விரித்து, அதன்மேல் பரப்பி, எண்ணெய் தெளித்து, விசிறி ஆறவைத்தார். ஆறிய பிறகுதான் கிளறல், அதன் பிறகுதான் பொட்டலம். தேங்காய் கிடையாது, வெங்காயம் கிடையாது. ஒவ்வொரு பெட்டியின் மேலும் கட்டிய நேரத்தை மார்க்கரில் எழுதவைத்தார். அது டிராக்டரிலும் படகிலும் மாறி மாறிப் போய்ச் சாயங்காலம் கை சேர்ந்தபோதும் கெடவில்லை. இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் ஒன்றும் இல்லை. யாத்திரை போகிறவர்களுக்குக் கட்டுச்சோறு கட்டிய நம் பாட்டிமார்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் அதை ஐந்நூறு கிலோ அரிசியில் செய்யத் தெரிந்தவர்கள் கல்யாணச் சமையல்காரர்களும் கோயில் மடப்பள்ளிக்காரர்களும் முஸ்லிம் வீட்டு விருந்துகளுக்குச் சமைக்கிற பண்டாரிகளும்தான்.

உணவுப் பாதுகாப்புத் துறையின் விதியும் இதையேதான் சொல்கிறது. சூடாகக் கொடுக்கிற உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. அதற்கும் 5 டிகிரிக்கும் நடுவில் கிடக்கிற ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. முகாமுக்குப் பக்கத்திலேயே சமைத்தால் சாம்பார் சாதம், பொங்கல், ரசம் சோறு எது வேண்டுமானாலும் சூடாகப் போடலாம். தூரமாகப் போக வேண்டியதென்றால் புளிச்சோறு, எள்ளுப்பொடிச் சோறு, சப்பாத்தி. எதை எங்கே அனுப்பலாம் என்பதை முடிவு செய்கிற ஆள் சமையல் தெரிந்தவராக இருக்க வேண்டும். வெள்ளக் காலத்தில் அந்த முடிவை யார் யாரோ எடுக்கிறார்கள். அதனால்தான் நல்ல மனதோடு கட்டிய சோறு குழிக்குப் போகிறது. 2015 டிசம்பரில் சென்னையில் பள்ளிவாசலும் கோயிலும் கல்யாண மண்டபமும் ஒரே மாதிரி அடுப்பு மூட்டி நின்றதை நாடே பார்த்தது. ஒரு தெருவுக்கு நாலு வண்டி பொட்டலமும் அடுத்த தெருவுக்கு ஒன்றுமே இல்லாததும் அதே சென்னையில்தான் நடந்தது. மனசு குறையவில்லை, முன்னேற்பாடுதான் இல்லை.

இதைச் சரி செய்த இடங்கள் இருக்கின்றன. 2010-ல் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹோசே ஆந்த்ரேஸ் என்ற சமையல் கலைஞர் வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவில் பெரிய உணவகங்கள் நடத்துகிறவர். ஹைட்டி முகாமில் அவர் கருப்பு பீன்ஸ் சமைத்தபோது அங்கிருந்த பெண்கள், எங்கள் ஊரில் இதை மசித்துக் குழம்பாக்கித்தான் சாப்பிடுவோம் என்று சொல்லிச் செய்தும் காட்டினார்கள். அவர் கேட்டுக்கொண்டார். 2017-ல் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோ தீவை அடித்துப்போட்டபோது அதன் தலைநகர் சான் ஹுவானில் ஓர் உள்ளூர் உணவகத்து அடுப்பில்தான் வேலை தொடங்கியது. அந்த ஊர் சமையல்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர, பெரிய அரங்கமே சமையல்கூடமானது. 30 லட்சத்துக்கும் மேல் சாப்பாடு போனது. கொரோனா இரண்டாம் அலையில், 2021-ல், சமையல் கலைஞர் சஞ்சீவ் கபூரோடு சேர்ந்து நம் நாட்டு மருத்துவமனை ஊழியர்களுக்கும் அந்த அமைப்பு சமைத்துக் கொடுத்தது. 2024 ஏப்ரல் 1 அன்று காஸாவில் உணவு கொண்டுபோன அவர்களுடைய ஆட்கள் ஏழு பேர் இஸ்ரேலியத் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். பசித்தவனுக்குச் சோறு கொண்டுபோனதற்கு உயிரையே கொடுத்தார்கள். எங்கள் தொழிலில் இருக்கிற எவனும் அந்தச் செய்தியைச் சாதாரணமாகப் படித்திருக்க முடியாது.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்த சில நாட்களுக்குள் கேரளத்தில் உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்களும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமுதாயச் சமையலறைகளைத் திறந்துவிட்டார்கள். 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவின்போது மேப்பாடியில் ஓட்டல் சங்கத்துச் சமையல்காரர்கள் பொதுச் சமையலறையில் நின்று, மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்த மீட்புப் படையினருக்கும் முகாமில் இருந்தவர்களுக்கும் சமைத்தார்கள். அரசாங்கமும் தொழில் தெரிந்தவர்களும் ஒரே கூரையின் கீழ் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு அது போதும்.

நம்மிடம் இல்லாதது என்ன? சத்துணவுக் கூடம் ஊருக்கு ஊர் இருக்கிறது. காலை உணவுத் திட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் விடியற்காலையில் எழுந்து பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைக்கிறார்கள். சென்னையில் 2013 முதல் அம்மா உணவகங்கள் இருக்கின்றன. வடலூரில் 1867-ல் வள்ளலார் ஏற்றிவைத்த தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அது இருக்கிற அதே கடலூர் மாவட்டத்தைத்தான் 2011-ல் ‘தானே’ புயல் புரட்டிப்போட்டது. சோறு போடுவதில் இந்த மண்ணுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் சத்துணவு ஆயாவுக்கும் குழுப் பெண்களுக்கும் பழக்கம் நூறு, நூற்றைம்பது பிள்ளைகளுக்கு. முகாமில் திடீரென்று ஆயிரம் பேர் வந்தால் அளவு மாறுகிறது, அடுப்பு மாறுகிறது, தண்ணீர்க் கணக்கு மாறுகிறது. அவர்கள் வீடும் மூழ்கியிருக்கலாம். அந்த இடத்தில்தான் நாங்கள் கை கொடுக்க முடியும். அவர்களை ஓரம் கட்டச் சொல்லவில்லை, அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு மாஸ்டரை நிறுத்துங்கள் என்கிறேன்.

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2023 டிசம்பர் 17 தென்மாவட்ட வெள்ளம், மூன்றும் மார்கழியில் வந்தவை. மார்கழியில் எங்களுக்குக் கல்யாண வேலை கிடையாது. கிறிஸ்தவ வீடுகளிலும் கிறிஸ்துமஸ் வரை திருவருகைக் காலம் என்பதால் விசேஷம் குறைவு. ஆள் சும்மா இருக்கிறான், பாத்திரம் சும்மா இருக்கிறது, மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. சரி, கார்த்திகையில் வந்தால்? 2015 சென்னை வெள்ளம், வர்தா, ஒக்கி, மிக்ஜாம், ஃபெஞ்சல் புயல்கள் எல்லாம் கார்த்திகையில்தான். அது முகூர்த்தக் காலம். மழையில் கல்யாணம் தள்ளிப்போகிற மண்டபத்தில் மளிகை இறங்கியிருக்கும், காய்கறி வந்திருக்கும், சிலிண்டர் நிற்கும், மாஸ்டரும் ஆட்களும் முந்தின நாளே வந்து தங்கியிருப்பார்கள். ஒரு முழுச் சமையலறை தயாராக நிற்கிறது, அதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியாது.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். ஒவ்வொரு வட்டத்திலும் மழைக்கு முன்பே விருப்பமுள்ள மாஸ்டர்களைப் பதிவு செய்யுங்கள். ஓட்டல் மாஸ்டர், கேட்டரிங் நடத்துகிறவர், மடப்பள்ளிக்காரர், பண்டாரி, பிரியாணி மாஸ்டர், கேட்டரிங் கல்லூரி ஆசிரியர் யாராக இருந்தாலும் சரி. உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாதவருக்கு எடுத்துக் கொடுங்கள். மேட்டுப் பகுதியில், ஜெனரேட்டரும் போர்வெல் தண்ணீரும் உள்ள மண்டபங்களாகப் பார்த்துக் குறித்துவையுங்கள். எந்த மண்டபத்துக்கு எந்த மாஸ்டர், எந்த முகாம்களுக்கு அங்கிருந்து சோறு என்பது முன்னாலேயே எழுதப்பட்டிருக்கட்டும்.

அரிசியும் கேஸும்தான் பெரிய தலைவலி. கணக்கு எளிது: ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு, 25 கிலோ சிப்பம் 200 பேருக்கு. ஆயிரம் பேருக்கு வேளைக்கு ஐந்து சிப்பம். நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கில் அரிசி இருக்கிறது, ஆனால் அதை எடுக்க வெள்ளத்தின் நடுவில் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கிறது. எச்சரிக்கை வந்த அன்றே வட்டாட்சியர் கையெழுத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய் மண்டபத்துக்கு வந்து இறங்கும்படி உத்தரவு இருக்க வேண்டும். கடைகளுக்குக் கொடுக்கிற 19 கிலோ சிலிண்டரும் அப்படியே. ஏஜென்சி மூடிய பிறகு தேடினால் கிடைக்காது, விறகும் நனைந்துபோயிருக்கும். குடிக்கிற தண்ணீர் மட்டுமில்லை, அரிசி களைகிற தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும் என்பதையும் யாராவது கவனித்தாக வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு கிணறும் தொட்டியும் நம்புகிறபடி இருக்காது.

இன்னொன்று, இதைப் பலர் வெளியே சொல்லத் தயங்குகிறார்கள். மாஸ்டர்கள் கூலி வாங்காமல் சமைப்போம். வருஷத்தில் சில நாள் அப்படிச் செய்ய எங்களால் முடியும், அதை மனநிறைவோடு செய்வோம். ஆனால் காய் நறுக்குகிற அக்காமார், பாத்திரம் தேய்க்கிற அம்மாமார், அடுப்படியில் அண்டா தூக்கி இறக்குகிற பையன்கள் எல்லாம் அன்றாடக் கூலிக்காரர்கள். மார்கழியில் ஏற்கெனவே வேலை இல்லாமல் கைமாற்று வாங்கித்தான் அடுப்பெரிகிறது. சேவை என்ற பெயரைச் சொல்லி அவர்களைச் சும்மா வேலை வாங்குவது எனக்குச் சம்மதமில்லை, உங்களுக்கும் இருக்கக் கூடாது. பேரிடர் நிவாரண நிதியில் முகாம் உணவுக்குச் செலவு செய்ய வழி இருக்கிறது. அதில் இவர்கள் கூலியையும் சேர்த்து அன்றன்றைக்கே கையில் கொடுங்கள். மண்டபத்துக்கு வந்துபோக வண்டியும், வழியில் மறிக்காமலிருக்க ஓர் அனுமதிச் சீட்டும் கொடுங்கள்.

என்ன சமைப்பது என்பதை அந்த ஊர்க்காரரிடம் கேட்டுச் செய்ய விடுங்கள். காயல்பட்டினத்துக்கு என்ன சோறு போக வேண்டும் என்பதைக் களறிச் சாப்பாடு என்கிற அந்த ஊர்க் கல்யாண விருந்தை ஆக்கிப் பழகிய அந்த ஊர்ப் பண்டாரி சொல்வார். நாகப்பட்டினத்து மீனவர் குப்பத்தில் மூன்று நாள் தொடர்ந்து எலுமிச்சை சோறு போனால் நாலாம் நாள் பிள்ளைகள் தொடாது. 2023-ல் ஒரு முகாமில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று புளிச்சோற்றைப் பார்த்ததுமே வாயை மூடிக்கொண்டது. காரமும் புளியும் அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எங்களோடு வந்த பெண் ஒருவர் அரிசியைக் குழைய வேகவைத்து, பாலும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து கொடுத்தார். குழந்தை தானே வாங்கிச் சாப்பிட்டது. அதைப் பார்த்து இன்னும் சில தாய்மார்கள் வந்து கேட்க, மறுநாளிலிருந்து ஒரு தனி அடுப்பு குழந்தைகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் என்று ஆனது. பால் சோறு, கேழ்வரகுக் கஞ்சி, மிளகு சீரகம் போட்ட ரசம். பெரிய செலவு எதுவும் இல்லை. ஆயிரம் பொட்டலக் கணக்குக்கு நடுவில் அதை யோசிக்க ஒருவருக்கு நேரமும் அதிகாரமும் இருந்தால் போதும். அந்த அதிகாரத்தை அடுப்படியில் நிற்கிற மாஸ்டரிடம் கொடுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் கூடவே நின்று பார்க்கட்டும், சோதிக்கட்டும், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. பொட்டலத்தின் மேல் யாருடைய படமும் வேண்டாம். சமைத்த நேரமும் எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பதும் எழுதியிருந்தால் போதும்.

இதற்குப் பெரிய திட்டமோ தனி அலுவலகமோ தேவைப்படாது. இருக்கிற பட்டியலில் ஒரு பக்கம் கூடும். ஆய்வுக் கூட்டத்தில் எங்களில் இரண்டு பேருக்கு இடம் கொடுத்தால், எந்த மண்டபத்துச் சமையல்கூடம் எப்படி, புகை போக வழி உண்டா, எத்தனை அடுப்பு நிற்கும், எங்கே தண்ணீர் ஏறும் என்பதையெல்லாம் அங்கேயே சொல்லிவிடுவோம். அந்த அடுப்படிகளில்தானே எங்கள் காலம் போகிறது.

புரட்டாசியில் பெரும்பாலும் முகூர்த்தம் கிடையாது, மழையும் இன்னும் தொடங்கியிருக்காது. அந்த மாதத்தில் ஒரு நாளைக் குறித்து ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும் பதிவுக்குக் கூப்பிடுங்கள். நெல்லை, தூத்துக்குடி மாஸ்டர்களிடம் நான் பேசிவிட்டேன். தேதி சொன்னால் ஆதார் அட்டையும் உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
கல்யாணச் சமையல்காரர்,
பாளையங்கோட்டை